நீவும் கையும் காத்திருக்கும் கையும்

குறுக்குப் பிடித்துக்கொண்டால் கம்பம் பள்ளத்தாக்கில் உடனே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் குறைவு. நீவிவிடத் தெரிந்த ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். கூடலூரிலும் கோம்பையிலும் தேவாரத்திலும் ராயப்பன்பட்டியிலும் பெயர்ப்பலகை இல்லாமலே அந்த வீடு எல்லோருக்கும் தெரியும். வேப்பெண்ணெயையோ விளக்கெண்ணெயையோ லேசாகச் சூடுகாட்டி, கட்டைவிரலால் தடவித் தேடி, முடிச்சாக நிற்கும் இடத்தைப் பிடித்து, மேலிருந்து கீழாக வழித்து இறக்குவார். படுத்திருப்பவர் முனகினால், "பொறுத்துக்க, வலிச்சாத்தான் விடும்" என்று பதில் வரும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும் ஒரு கைமருத்துவம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1955-ல் தொடங்கியது. ஆஸ்டியோபதி மருத்துவர்கள் அதைக் கவுண்டர்ஸ்ட்ரெய்ன் என்கிறார்கள். நோகிற இடத்தை அது வழிப்பதில்லை, இழுப்பதில்லை, நெட்டி முறிப்பதில்லை. எந்த நிலையில் நோவு அடங்குகிறது என்று தேடி, உடம்பை அந்த நிலையில் மடக்கி வைத்து 90 விநாடி அசையாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. பிறகு மிக மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. சிகிச்சை அவ்வளவுதான்.

இரண்டு கையும் தொடங்கும் இடம் ஒன்று: விரல் நுனியில் தட்டுப்படும் நோவுப் புள்ளி. அங்கிருந்து ஒன்று வலியை நோக்கிப் போகிறது, மற்றொன்று வலியை விட்டு விலகிப் போகிறது. இந்தப் பிரிவை ஏட்டளவில் அலசுவதைவிட, இந்தப் பள்ளத்தாக்கில் உழைக்கிற உடம்புகளை முன்னால் வைத்துப் பார்ப்பதுதான் பயன் என்று நினைக்கிறேன்.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அதன் தண்ணீரில் லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை இன்று 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. நடவு நடுகிறவர் நாள் முழுக்க இடுப்பை மடக்கியே நிற்கிறார். திராட்சைத் தோட்டத்தில் நிலைமை தலைகீழ். பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. கவாத்து வெட்டவும் கொத்தில் பிஞ்சு கழிக்கவும் கழுத்தைப் பின்னால் சாய்த்து இரண்டு கைகளையும் உயர்த்தியபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டின் எல்லா மாதமும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடைக்கு வந்துகொண்டிருப்பதால், அந்தக் கழுத்துகளுக்கு ஓய்வுப் பருவம் என்று ஒன்று வருவதில்லை. சின்னமனூர்ப் பக்கம் வாழைத்தார் சுமக்கிறவருக்கு நோவு தோள்பட்டையில். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு உடம்பு முழுக்க. விடியும் முன்பே கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இடுக்கி மலைக்குப் போய், ஈரச் சரிவில் குத்தவைத்து, செடியின் தூரில் படர்ந்த சரத்திலிருந்து காயைப் பறித்து, மாலையில் அதே நெரிசலில் இறங்குகிறார்கள்.

இந்த வேலைகள் எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு தசை வெகுநேரம் குறுகிய நிலையிலேயே கிடக்கிறது. அப்புறம் ஏதோ ஒரு கணத்தில் அவசரமாக நிமிர வேண்டியிருக்கிறது. மேலாள் கூப்பிடுகிறார், ஜீப் ஹாரன் அடிக்கிறது, மழை இறங்குகிறது. "எந்திரிச்சேன், படக்குனு பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லாத குறுக்கு நோவுக்காரர் இங்கே அபூர்வம். குனிந்திருந்தபோது பிடிக்கவில்லை, நிமிர்ந்தபோதுதான் பிடித்தது. கவுண்டர்ஸ்ட்ரெய்ன் கோட்பாட்டின் அச்சாணி இந்த 'படக்' என்ற கணம்தான்.

லாரன்ஸ் ஜோன்ஸ், ஆரிகனின் ஆன்டாரியோ என்ற ஊரில் மருத்துவம் பார்த்த ஆஸ்டியோபதி மருத்துவர். அந்த மரபை 1874-ல் அறிவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1892-ல் மிசௌரியின் கிர்க்ஸ்வில்லில் அதற்கு முதல் கல்லூரி தொடங்கினார். அமெரிக்காவில் அதைப் படித்தவர்கள் மருந்தெழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மற்ற நாடுகள் பெரும்பாலானவற்றில் அந்தப் பெயருக்கு அந்த அதிகாரம் கிடையாது. 1955-ல் ஜோன்ஸிடம் ஒருவர் நிமிர முடியாமல் வளைந்தபடி வந்தார். மாதக்கணக்கில் அதே நிலை. வேறு கைவைத்தியர்களும் பார்த்து முடித்திருந்தார்கள். ஜோன்ஸ் தனக்குத் தெரிந்த முறிப்புகளையெல்லாம் செய்தும் பலிக்கவில்லை. நோவால் இரவில் தூங்க முடியவில்லை என்று நோயாளி சொன்னதால், படுக்கத் தோதான ஒரு நிலையையாவது கண்டுபிடித்துக் கொடுப்போம் என்று கையையும் காலையும் மடக்கி, முட்டுக் கொடுத்து, ஏறத்தாழ 20 நிமிடம் தேடினார். வலி தெரியாத ஒரு சுருண்ட நிலை கிடைத்தது. அப்படியே விட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து எழுப்பியபோது அந்த மனிதர் நிமிர்ந்து நின்றார்.

தற்செயல் யாருக்கும் வாய்க்கும். ஜோன்ஸ் அதை விடாமல் பின்தொடர்ந்தார் என்பதில்தான் எனக்கு மரியாதை. எவ்வளவு நேரம் வைத்தால் போதும் என்று குறைத்துக் குறைத்துப் பார்த்து 90 விநாடியில் வந்து நின்றார். அதற்கும் குறைத்தபோது பலன் நிலைக்கவில்லை. எந்தப் பிடிப்புக்கு எந்த இடம் நோகிறது, அந்த நோவு எந்த நிலையில் அடங்குகிறது என்று உடம்பு முழுக்கக் குறித்துவைத்தார். 1964-ல் முதல் கட்டுரையும் 1981-ல் புத்தகமும் வந்தன. இன்று 200-க்கும் மேற்பட்ட புள்ளிகள் படங்களோடு அச்சில் கிடைக்கின்றன.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறுபாடு முழுவதும் அதில் இருக்கிறது. நோவுப் புள்ளி ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். அதே அழுத்தத்தைச் சற்றுத் தள்ளிக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. புள்ளியில் மட்டும் சுரீர் என்னும். "இந்த வலியைப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் மருத்துவர். விரலை எடுக்காமலே உடம்பை வளைக்கத் தொடங்குகிறார். முன்பக்கத்துப் புள்ளி என்றால் முன்னால் மடக்க வேண்டும், முதுகுப்பக்கத்துப் புள்ளி என்றால் பின்னால் வளைக்க வேண்டும். நடுக்கோட்டை விட்டுப் புள்ளி விலக விலகச் சாய்வும் திருப்பமும் கூடும். இந்த விதிக்கு அடங்காத புள்ளிகளும் உண்டு. "இப்ப எவ்வளவு?" "ஏழு." இன்னும் கொஞ்சம் சாய்க்கிறார். "இப்ப?" "நாலு." மூன்றுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கும்வரை இந்தக் கேள்வியும் பதிலும் நடக்கும். அந்த இடம் கிடைத்ததும் விரலுக்கடியில் சதை இளகுவதும் தெரியும். அழுத்தத்தைத் தளர்த்தி, விரலை அங்கேயே வெறுமனே வைத்துக்கொண்டு 90 விநாடி காத்திருக்கிறார்.

இந்த நேரத்தில் நோயாளி உதவி செய்யக்கூடாது. மரியாதைக்காகத் தன் காலைத் தானே தூக்கிக் கொடுத்தால் தசை வேலை செய்யத் தொடங்கிவிடும். முழு எடையையும் மருத்துவர்தான் தாங்க வேண்டும். தேர்ச்சி தெரிவது திரும்பக் கொண்டுவரும்போது. முதல் சில அங்குலங்கள் நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவாக வர வேண்டும். அவசரப்பட்டால் தோட்டத்தில் நடந்த அதே 'படக்' இங்கேயும் நடந்து, பிடிப்பு திரும்பிவிடும். கடைசியில் அதே புள்ளியை அதே அழுத்தத்தில் தொட்டு, மறுபடி எண் கேட்கிறார். எண் இறங்கியிருந்தால் சரி. இறங்காவிட்டால் பலிக்கவில்லை என்று இருவருக்கும் அப்போதே தெரிந்துவிடும்.

பந்தல் வேலை பார்த்து, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் பிடித்துக்கொண்ட ஒருவரை இரண்டு கையிடமும் அனுப்பிப் பார்ப்போம். நீவுபவர் அவரை உட்காரவைத்து, இறுகிய தசையின் மேல் எண்ணெயிட்டுக் கட்டைவிரலால் கழுத்தடியிலிருந்து தோள்முனைவரை இழுப்பார். இறுகியதை நீட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. கவுண்டர்ஸ்ட்ரெய்ன் தெரிந்தவர் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை நோகிற பக்கமே சாய்த்து, அந்தப் பக்கத்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடிப்பார். ஏற்கெனவே சுருங்கிய தசையை அவர் இன்னும் சுருக்குகிறார். இறுகியதற்கு ஒரு காரணம் இருக்கும், அதோடு சண்டை போடாமல் அது போகிற வழியிலேயே போய் நிற்போம் என்பது அவர் கணக்கு.

நம்முடைய கணக்குக்கு ஏட்டு மரபும் உண்டு. சித்த மருத்துவம் 32 புறமருத்துவங்களில் ஒன்றாகத் தொக்கணத்தைச் சொல்லி, அதைத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பதாக வகுக்கிறது. ஊரில் நீவுகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாமல் இருக்கலாம், கை அறியும். இந்த ஒன்பதில் எதுவும் கவுண்டர்ஸ்ட்ரெய்னுக்கு நேராக வந்து பொருந்தவில்லை. ஒவ்வொன்றும் சதைக்கு ஏதோ செய்கிறது. ஒன்றும் செய்யாமல் தாங்கிக்கொண்டிருப்பதைத் தனி வகையாக நாம் எண்ணவில்லை.

அதனால் நீவுதல் தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தேய்த்தால் நோவு மட்டுப்படுகிறது என்பது கண்கூடு. அதற்கான விளக்கத்தை 1965-ல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்தார்கள்: தோலிலிருந்து போகும் தொடுதலின் செய்தி, முதுகுத்தண்டிலேயே வலியின் செய்தியை ஓரளவு மறித்துவிடுகிறது. சூடான எண்ணெய், நீண்ட நேரத் தொடுதல், நோயாளி என்ன வேலைக்குப் போகிறார் என்பதைக் கேட்காமலே அறிந்த பழக்கம், கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் குணம் எல்லாம் அந்தக் கையோடு சேர்ந்தே வருகின்றன. இவை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பலங்கள்.

ஆனால் நோகிற இடத்திலேயே கை நின்றுவிடுவது அதன் பெரிய குறை. ஏலக்காய்ச் சரிவில் நாள் முழுக்கக் குத்தவைத்து எழுந்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். நோவு குறுக்கில். அவர் நிற்பதைப் பாருங்கள்: இடுப்பிலிருந்து லேசாக முன்னால் மடிந்து, தொடையில் கையூன்றி. முதுகுத்தண்டின் முன்பக்கத்திலிருந்து இறங்கித் தொடையெலும்பில் சேரும் சோயாஸ் என்ற தசை குத்தவைத்த நிலையில் முழுக்கக் குறுகிக் கிடக்கும். எழும்போது அது நீள மறுத்தால் முதுகை முன்னால் இழுத்துப் பிடிக்கும். நோவு பின்னால், பிடிப்பு முன்னால். குறுக்கை எவ்வளவு நீவினாலும் அந்தத் தசையைக் கை எட்டாது.

ஜோன்ஸுக்கும் இது முதலில் தெரியாது. அவரும் சில ஆண்டுகள் முதுகுப் புள்ளிகளை மட்டுமே தேடிக்கொண்டிருந்தார்; ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதுகில் புள்ளியே கிடைக்கவில்லை. முதுகு நோவுக்கு வந்துகொண்டிருந்த ஒருவருக்குத் தோட்ட வேலையில் கருவியின் கைப்பிடி கவட்டுப் பக்கம் இடித்துவிட்டது. குடலிறக்கமோ என்று அங்கே தொட்டுப் பார்த்தபோது நோவுப் புள்ளி தட்டுப்பட்டது. முன்பக்கமாக மடக்கிவைத்துப் பார்த்தார். அந்தப் புள்ளியும் அடங்கியது, முதுகு நோவும் அடங்கியது. தேடிக் கிடைக்காத பாதி, உடம்பின் முன்பக்கத்தில் இருந்தது. இன்று சோயாஸ் பிடிப்புக்கு அடிவயிற்றின் பக்கவாட்டில் புள்ளி தேடி, மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு முழங்காலையும் வயிற்றை நோக்கி மடக்கி, நோகிற பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடிக்கிறார்கள். அதாவது, அந்தப் பெண் சரிவில் இருந்த நிலைக்கே அவரை மறுபடி கொண்டுபோய், இந்த முறை மெதுவாக எழுப்புகிறார்கள். கவுண்டர்ஸ்ட்ரெய்னில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த ஒரு செயல்தான். பிடித்த கணத்துக்குத் திரும்பிப் போய், அவசரமில்லாமல் அதைக் கடந்து வருவது.

நோவு ஓரிடம், மருந்து வேறிடம் என்ற அறிவு தமிழ் மரபுக்கும் புதிதில்லை. அது தெருவில் நீவுகிறவரிடம் இருப்பதைவிட வர்ம ஆசான்களிடம் இருக்கிறது. வர்மம் 108, அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது பரவலான கணக்கு. அடிபட்ட இடத்தைத் தொடாமல், அடங்கல் என்று குறித்த வேறோர் இடத்தில் விரலை வைத்து இளக்குவது அதில் உண்டு. அழுத்தத்துக்கும் கால் மாத்திரை, அரை மாத்திரை என்று அளவு உண்டு. ஆகவே கவுண்டர்ஸ்ட்ரெய்னை நம் மரபில் எதனோடு ஒப்பிடுவது என்று கேட்டால், புள்ளிகளின் வரைபடத்துக்கு வர்மத்தையும் அன்றாடப் புழக்கத்துக்குச் சுளுக்கு வழிப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வர்மப் புள்ளியும் ஜோன்ஸின் புள்ளியும் ஒன்றென்று சொல்லிவிடுவது மட்டும் தவறு. வர்மம் யாருக்கும் அதே இடத்தில் எப்போதும் இருக்கிறது, அடிபட்டால் ஆபத்தாகிறது. ஜோன்ஸின் புள்ளி பிடிப்பு உள்ளவரிடம் தோன்றி, பிடிப்பு விட்டதும் மறைகிறது. முன்னது உடம்பின் அமைப்பு, பின்னது உடம்பின் அப்போதைய நிலை.

கை யாருடையது என்பதிலும் இரண்டும் வெகுதூரம். வர்மம் தேர்ந்தெடுத்த சீடனுக்கு மட்டும், பல ஆண்டு பணிவிடைக்குப் பிறகு சொல்லப்பட்டது. அதில் நியாயம் இருந்தது; இளக்கத் தெரிந்தவனுக்கு அடிக்கவும் தெரியும். சுளுக்கு வழிப்பது குடும்ப வழியில் வருகிறது. கால் முன்னே வரப் பிறந்தவர் குறுக்கை மிதித்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம் இருக்கிறது. அங்கே வல்லமை பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. மூன்றிலும் அறிவு ஓர் ஆளோடு கட்டுண்டிருக்கிறது. அந்த ஆள் போனால் அதுவும் போகிறது. ஜோன்ஸ் தன் முறையைப் படம் போட்டு அச்சிட்டார், கேட்டவர்களுக்கெல்லாம் கற்பித்தார். அது ஆஸ்டியோபதியின் எல்லையைத் தாண்டி பிசியோதெரபிக்குள் வந்து, உடம்பை வைக்கும் நிலையால் இளக்கும் முறை என்ற பொதுப்பெயரில் இன்று பல நாடுகளில் புழங்குகிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் மரபு அந்தக் கையிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

சரி, அது ஏன் வேலை செய்கிறது? இர்வின் கோர் என்ற உடலியலாளர் 1975-ல் ஒரு விளக்கம் தந்தார். தசைக்குள் அதன் நீளத்தை அளந்து முதுகுத்தண்டுக்குச் சொல்லும் நுண்ணிய உணர்கருவிகள் இருக்கின்றன. தசை வெகுநேரம் குறுகிக் கிடந்தால் அந்த உணர்கருவியின் கூர்மையை நரம்பு மண்டலம் கூட்டிவைக்கிறது, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தது போல. அப்போது சட்டென நீண்டால் சாதாரண நீட்சிகூட ஆபத்து என்று பதிவாகி, தசை சுருங்கிக்கொள்கிறது. மறுபடி குறுக்கி வைத்துக் கொஞ்ச நேரம் கொடுத்தால் கூட்டிவைத்தது குறைகிறது. பின்னால் வந்தவர்கள் காயத்தை உணரும் நரம்புகளின் பங்கையும், அந்த இடத்து இரத்த ஓட்டத்தையும் அழற்சியையும் சேர்த்துக்கொண்டார்கள். கோரின் விளக்கம் அழகானது. சரிவில் எழுந்த பெண்ணின் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் பொருந்துவதாலேயே நிரூபணமாகிவிடாது.

பலனைச் சோதித்தவர்கள் அடக்கமான விடையோடுதான் வந்திருக்கிறார்கள். 2014-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, புள்ளியை அழுத்தும்போது தெரியும் நோவு இந்தச் சிகிச்சையால் குறைகிறது என்றது. சான்றின் தரம் குறைவு என்றும் சொன்னது. 2011-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் புதிதாக இடுப்பு நோவு வந்த 89 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி மட்டும், இன்னொன்றுக்கு உடற்பயிற்சியோடு கவுண்டர்ஸ்ட்ரெய்னும் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் தெரியவில்லை. குறுக்கு நோவு பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும் என்பதால், அந்த நேரத்தில் கை வைத்த எவருக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. நீவுபவருக்கும் இது பொருந்தும், 90 விநாடி பிடித்தவருக்கும் பொருந்தும். வித்தியாசம், ஒரு கை தன்னைச் சோதனைக்கு உட்படுத்தி, சாதகமில்லாத முடிவையும் அச்சிட்டிருக்கிறது. மற்ற கையைச் சோதிக்க நாம் இன்னும் முறையாக முனையவில்லை.

பலனில் பெரிய இடைவெளி இல்லையென்றால் தீங்கைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாகப் பிசகிய கணுக்காலை அழுத்தி நீவினால் வீக்கம் கூடும். பிசகு என்று நினைத்தது முறிவாக இருந்தால் நீவுதல் முனைகளை நகர்த்திவிடும். மேலே இறுக்கிக் கட்டும் கட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திக் கையோ காலோ போன கதைகளை எந்த எலும்பு மருத்துவரும் சொல்வார். சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி 'நெட்டி' எடுப்பது சிறிதே ஆனாலும் மெய்யான ஆபத்து; மூளைக்குப் போகும் கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம். கவுண்டர்ஸ்ட்ரெய்னில் இந்த வேகமும் விசையும் இல்லை. அதிலும் எச்சரிக்கை உண்டு. தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் கழுத்தைப் பின்னால் வளைத்துத் திருப்பி வைக்கக்கூடாது. முறிவு இருக்கும் இடத்தில் செய்யக்கூடாது. சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பு அடித்துப்போட்டாற்போல் வலிப்பது சகஜம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி பயந்துவிடுவார்.

இரண்டு கையும் தொடக்கூடாத நோவுகளும் இருக்கின்றன. நெஞ்சில் தோன்றி இடது கைக்குப் பரவும் நோவை வாயுப் பிடிப்பு என்று நீவிக்கொண்டிருக்கும் அரைமணி நேரம் உயிரைக் கொண்டுபோகும். இடுப்பு நோவோடு கால் சோர்ந்தாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்திருந்தாலோ அது பிடிப்பு இல்லை. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்றும் இருக்கிறது. கூடலூர்க்காரருக்குக் கானாவிலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தை எப்போது கடந்தே ஆக வேண்டும் என்று தெரிந்திருப்பது கைத்திறனைவிட முக்கியம்.

இத்தனைக்கும் பிறகு எனக்கு உண்மையான பிரிவாகத் தெரிவது ஒன்றுதான். நீவும் கை நோயாளியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. காத்திருக்கும் கை அவரைச் சொல்லச் சொல்கிறது. எந்த நிலை சரி என்பதை முடிவு செய்வது அவர் சொல்லும் எண். அவர் 'ஏழு' என்றால் மருத்துவர் இன்னும் தேட வேண்டும். 'இரண்டு' என்றால் அங்கே நிற்க வேண்டும். நாள் முழுக்கப் பொறுத்துக்கொள்வதே வேலையாகிப்போன ஒரு பெண்ணிடம், ஜீப்பில் இடிபட்டதையும் சரிவில் வழுக்கியதையும் மழையில் நனைந்ததையும் யாரும் கேட்காத அந்தப் பெண்ணிடம், "இப்ப எவ்வளவு நோகுது, இப்படி வச்சா தேவலையா?" என்று ஒருவர் கேட்டுக் கேட்டுக் கையை நகர்த்துவது சாதாரணக் காரியமா? அவருடைய சொல்லே அளவுகோலாகிறது. "வலிச்சாத்தான் விடும்" என்ற வாக்கு நம் தெருக்களில் மருத்துவத்தோடு நிற்பதில்லை. பிரசவத்துக்கும் அதைத்தான் சொல்கிறோம், வேலைக்கும் அதைத்தான் சொல்கிறோம். நோகாமலும் நோவு விடலாம் என்று ஒரு முறை காட்டியிருக்கிறது. அதன் பலன் சிறிதாகவே இருந்தாலும், அந்தச் செய்தி இங்கே வந்து சேர வேண்டும்.

வந்து சேர வழியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடுவீடாக வருகிறார்கள். கவுண்டர்ஸ்ட்ரெய்னுக்குக் கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு பாயும் இரண்டு தலையணையும் போதும். சோயாஸ் நிலையை நோயாளிக்கே கற்றுக்கொடுத்துவிடலாம்: மல்லாக்கப் படுத்து, இரண்டு கெண்டைக்காலையும் ஒரு நாற்காலியின் மேல் தூக்கி வைத்து, நூறுவரை மெதுவாக எண்ணி, பக்கவாட்டில் புரண்டு நிதானமாக எழுவது. ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வந்த இரவில் இதைச் செய்யலாம். நீவுகிறவர்களையும் கூட்டி உட்காரவைத்து, புதுப் பிசகை நீவாதீர்கள், முறிவின் அறிகுறி இவை, நீவுவதற்கு முன் ஒன்றரை நிமிடம் இப்படி வைத்துப் பாருங்கள் என்று காட்டலாம். அவர்களை ஒதுக்கிவிட்டு இந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் கைமருத்துவமும் வேரூன்றாது.

ஒரு தடை மட்டும் பாக்கி இருக்கிறது, அது எந்தக் கையாலும் தீராதது. சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கடுமையான வேலை வேண்டாம் என்று கவுண்டர்ஸ்ட்ரெய்ன் கற்பிப்பவர்கள் சொல்கிறார்கள். இளகிய தசை புது நீளத்துக்குப் பழக அந்த அவகாசம் வேண்டும். காய் எடுக்கும் மாதங்களில் மூன்று நாள் என்பது மூன்று நாள் கூலி. நீவிக்கொண்டவர் மறுநாள் விடியலில் ஜீப் ஏறுகிறார்; 90 விநாடி பிடித்து விட்டவரும் அதே ஜீப்பில்தான் ஏறுவார். அந்த மூன்று நாளுக்குக் கூலியோடு விடுப்பு தர எந்தத் தோட்டம் முன்வரும் என்ற கேள்வியை, மருத்துவத்தைப் பற்றிய கேள்வியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.